கல்லூரிக் கூடைப்பந்தில் பலம் குறைந்த அணியின் மீது பந்தயம் கட்டுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

2022 மார்ச் 17 அன்று அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ. நடத்தும் தேசியப் போட்டியின் முதல் சுற்றில், ஜெர்சி சிட்டியைச் சேர்ந்த செயின்ட் பீட்டர்ஸ் என்ற சிறிய கல்லூரி கென்டக்கி பல்கலைக்கழகத்தை எதிர்கொண்டபோது, பந்தய நிறுவனங்கள் அந்தச் சிறிய அணிக்கு 18 புள்ளிகளுக்கு மேல் கொடுத்தன. செயின்ட் பீட்டர்ஸ் 18 புள்ளிகள் வித்தியாசத்தில் தோற்றிருந்தாலும், அதன் பக்கம் பணம் கட்டியவர்கள் வென்றிருப்பார்கள். ஆனால் அந்த அணி கூடுதல் நேரத்தில் 85–79 என்று ஆட்டத்தையே வென்றது. அடுத்து மர்ரி ஸ்டேட்டை 70–60 என்றும், பர்டூவை 67–64 என்றும் வீழ்த்தி, பதினைந்தாம் தரவரிசையிலிருந்து கடைசி எட்டு அணிகளுக்குள் நுழைந்த முதல் அணி என்ற பெயரைப் பெற்றது (போட்டியின் நான்கு வட்டாரங்கள் ஒவ்வொன்றிலும் அணிகளுக்கு 1 முதல் 16 வரை தரவரிசை தரப்படும்). மார்ச் 27 அன்று வட கரோலினாவைச் சந்தித்தபோது அந்த அணிக்குத் தரப்பட்ட புள்ளிகள் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியிருந்தன. ஆட்டத்தை வட கரோலினா 69–49 என்று வென்றது.

எதிரணிகள் வேறு என்பது உண்மைதான். ஆனாலும், முதல் ஆட்டத்தில் கட்டியவருக்கும் கடைசி ஆட்டத்தில் கட்டியவருக்கும் இடையே உள்ள முக்கியமான வேறுபாடு விலை. முதலாமவர், யாரும் மதிக்காத ஓர் அணியை மலிவான விலைக்கு வாங்கினார். இரண்டாமவர், பத்து நாட்களில் நாடு முழுவதும் நேசிக்கத் தொடங்கிவிட்ட அதே அணியை, அந்த நேசத்தின் விலையையும் சேர்த்துக் கொடுத்து வாங்கினார். இந்த வழிகாட்டியில் உள்ள ஒவ்வொரு படியும் இந்த ஒரு வேறுபாட்டைக் கண்டுபிடிப்பதற்காகவே எழுதப்பட்டது. அண்டர்டாக், அதாவது பலம் குறைந்த பக்கம், என்று நாம் அழைப்பது ஓர் அணியை அல்ல, ஒரு விலையை.

தொடங்குவதற்கு முன்: சட்டம்

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2018 மே 14 அன்று அளித்த தீர்ப்பில், விளையாட்டுப் பந்தயத்தைத் தடுத்து வந்த 1992ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டத்தைச் செல்லாது என்று அறிவித்தது. அதன் பிறகு ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே விதிகளை வகுத்துள்ளது. பெரும்பாலான மாநிலங்களில் குறைந்தபட்ச வயது 21. கல்லூரி ஆட்டங்களுக்கென்று தனிக் கட்டுப்பாடுகளும் உண்டு. நியூ ஜெர்சியில் அந்த மாநிலத்துக் கல்லூரி அணிகளின் ஆட்டங்களில் பந்தயம் கட்ட அனுமதி இல்லை. 2021 நவம்பரில் அந்தத் தடையை நீக்கலாமா என்று வாக்கெடுப்பு நடத்தியபோதும் மக்கள் மறுத்துவிட்டார்கள். அதனால்தான் 2022 மார்ச்சில் செயின்ட் பீட்டர்ஸ் ஒவ்வொரு சுற்றாக வென்றுகொண்டிருந்தபோது, சொந்த ஊரான ஜெர்சி சிட்டியில் இருந்தவர்களால் அந்த அணியின் மீது சட்டப்படி ஒரு டாலர்கூடக் கட்ட முடியவில்லை. நீங்கள் இருக்கும் மாநிலத்தின் விதியை முதலில் படியுங்கள். இந்தியாவில் 2025 ஆகஸ்டில் இயற்றப்பட்ட ஆன்லைன் கேமிங் சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்துள்ளது. ஆகவே இங்கே சொல்லப்படும் பந்தய முறை, அது சட்டப்பூர்வமாக உள்ள இடத்தில் வசிப்பவர்களுக்கு மட்டுமே உரியது.

முதல் படி: விலையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இரண்டு வகை விலைகள் உங்கள் முன் வைக்கப்படும். ஒன்று ஸ்ப்ரெட், அதாவது புள்ளி வித்தியாசம். ஓர் அணிக்கு பிளஸ் 7.5 என்று குறித்திருந்தால், அந்த அணி வென்றாலும் சரி, ஏழு அல்லது அதற்குக் குறைவான புள்ளிகளில் தோற்றாலும் சரி, உங்கள் பந்தயம் வெல்லும். இதற்கான வழக்கமான விலை மைனஸ் 110. அதாவது 100 டாலர் லாபம் பெற 110 டாலர் வைக்க வேண்டும். அந்தப் பத்து டாலரில்தான் நிறுவனத்தின் வருமானம் அடங்கியிருக்கிறது. 110-ஐ 210-ஆல் வகுத்தால் 52.38 சதவீதம் வரும்; நட்டமின்றி நிற்க அத்தனை பந்தயங்களை வெல்ல வேண்டும். நூறு பந்தயங்களில் ஐம்பதை வெல்பவர் சமமாக நிற்கிறார் என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் அவர் நட்டத்தில் இருக்கிறார். 52-ஐ வெல்பவரும் சிறிது நட்டத்திலேயே இருக்கிறார்.

மற்றொன்று மனிலைன். இதில் புள்ளிகள் தரப்படுவதில்லை, அணி நேரடியாக வெல்ல வேண்டும். பிளஸ் 250 என்றால் 100 டாலருக்கு 250 டாலர் லாபம். அந்த விலை நியாயமாக இருக்க அணி எத்தனை முறை வெல்ல வேண்டும் என்பதை 100-ஐ 350-ஆல் வகுத்து அறியலாம்: 28.6 சதவீதம். அதே ஆட்டத்தில் பலம் மிக்க அணியின் விலை மைனஸ் 310 என்றால், 310-ஐ 410-ஆல் வகுக்க, அது 75.6 சதவீதத்தைக் குறிக்கிறது. இரண்டையும் கூட்டினால் 104.2. நூறுக்கு மேல் நிற்கும் அந்த 4.2 நிறுவனத்தின் பங்கு. 28.6-ஐ 104.2-ஆல் வகுத்தால், சந்தை அந்தச் சிறிய அணிக்குத் தரும் உண்மையான வாய்ப்பு ஏறத்தாழ 27.4 சதவீதம் என்பது தெரியும். இந்தக் கணக்கை விரல் நுனியில் வைத்துக்கொள்ளாமல் ஒரு டாலர்கூடக் கட்ட வேண்டாம்.

இரண்டாம் படி: சந்தையின் எண்ணைப் பார்க்கும் முன் உங்கள் எண்ணை எழுதுங்கள்

இந்த வரிசை முக்கியமானது. சந்தை 9.5 என்று சொல்வதைப் பார்த்த பிறகு கணக்குப் போட உட்காருபவரின் விடை, அவரை அறியாமலேயே 9.5-ஐச் சுற்றி வந்து நின்றுவிடும்.

கல்லூரிக் கூடைப்பந்தில் அணிகளை ஒப்பிட நம்பகமான அளவுகோல், நூறு பொசெஷன்களுக்கு ஓர் அணி எத்தனை புள்ளிகள் எடுக்கிறது, எத்தனை கொடுக்கிறது என்பதன் வித்தியாசம். பொசெஷன் என்பது ஓர் அணியின் கையில் பந்து வந்து, அது மறு அணியின் கைக்குப் போகும்வரை உள்ள ஒரு முறை. கென் பாமராய் நடத்தும் கென்பாம் தளம் இந்த எண்களை எதிரணிகளின் பலத்துக்கு ஏற்பத் திருத்தி வெளியிடுகிறது.

எடுத்துக்காட்டாக, பெரிய அணியின் நிகர எண் பிளஸ் 18, சிறிய அணியின் எண் பிளஸ் 4 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் நூறு பொசெஷன்களுக்கு 14 புள்ளிகள். இரண்டு அணிகளும் ஆடும் வேகத்தைப் பார்த்தால் இந்த ஆட்டத்தில் தலா 66 பொசெஷன்கள் வரும் என்று தோன்றினால், எதிர்பார்க்கும் வித்தியாசம் 14-இன் 66 சதவீதம், அதாவது 9.2. ஆட்டம் சிறிய அணியின் சொந்த அரங்கில் நடந்தால் சுமார் மூன்று புள்ளிகளைக் கழிக்க வேண்டும். விடை 6.2. இப்போது சந்தையைப் பாருங்கள். அங்கே சிறிய அணிக்கு 6.5 தருகிறார்கள் என்றால் உங்களுக்கு அங்கு வேலை இல்லை. 9.5 தருகிறார்கள் என்றால் உடனே பணம் கட்டாதீர்கள். உங்களுக்குத் தெரியாத எதையோ சந்தை அறிந்திருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். ஒரு முக்கிய ஆட்டக்காரர் காயமடைந்திருக்கலாம், அல்லது பயிற்சியாளர் ஒருவரை இடைநீக்கம் செய்திருக்கலாம். தேடியும் எதுவும் கிடைக்கவில்லை என்றால் மட்டுமே அந்த மூன்று புள்ளி இடைவெளியை உங்களுடையது என்று கருதலாம்.

மூன்றாம் படி: ஆட்டத்தின் வேகத்தையும் மூன்று புள்ளி எறிதலையும் எடைபோடுங்கள்

பலம் குறைந்த அணியை ஆராய்பவர் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான் என்பது என் உறுதியான கருத்து. ஆட்டம் நீளும்போது பலமானவரின் மேன்மை தலை தூக்கும். ஆட்டம் சுருங்கும்போது தற்செயலுக்கு இடம் கிடைக்கும். நாற்பது நிமிட ஆட்டத்தில் 75 பொசெஷன்கள் நடந்தால், தற்செயலாக விழும் நான்கு நல்ல எறிதல்கள் கூட்டத்தில் கரைந்துவிடும். 60 மட்டுமே நடந்தால் அந்த நான்கும் ஆட்டத்தைத் திருப்பிவிடும். 1985 இறுதி ஆட்டத்தில் எட்டாம் தரவரிசை அணியான வில்லனோவா, ஜார்ஜ்டவுனை 66–64 என்று வென்றபோது பந்தை இத்தனை நொடிக்குள் எறிய வேண்டும் என்ற நேரக் கட்டுப்பாடு இருக்கவில்லை. ஃப்ரீ த்ரோக்கள் தவிர வில்லனோவா எறிந்தவை 28, அவற்றில் 22 விழுந்தன. அடுத்த பருவத்தில் 45 நொடிக் கட்டுப்பாடு வந்தது. 1993–94இல் அது 35 ஆனது, 2015–16 முதல் 30 நொடிகள். ஒவ்வொரு குறைப்பும் சிறிய அணிகள் ஒளிந்துகொள்ளும் இடத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்தது. ஆனாலும் மெதுவாக ஆட விரும்பும் அணிகள் இன்றும் உள்ளன.

பலமான அணியே மெதுவாக ஆடுவதாக இருந்தால் நிலைமை இன்னும் கவனிக்கத் தக்கது. 2018 மார்ச் 16 அன்று சார்லட் நகரில், போட்டியின் முதல் தரவரிசை அணியான வர்ஜீனியா, யூ.எம்.பி.சி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி அணியை எதிர்கொண்டது. சிறிய அணிக்குத் தரப்பட்டது 20.5 புள்ளிகள். வர்ஜீனியா அப்போது நாட்டிலேயே மிக மெதுவாக ஆடும் அணிகளுள் ஒன்று. அவ்வளவு குறைந்த பொசெஷன்களில் 21 புள்ளி முன்னிலை எடுக்க, ஒவ்வொரு பொசெஷனிலும் எதிரணியை நசுக்கியாக வேண்டும். இடைவேளையில் 21–21. ஆட்டம் முழுவதிலும் யூ.எம்.பி.சி. எறிந்த 24 மூன்று புள்ளி முயற்சிகளில் 12 விழுந்தன. வர்ஜீனியாவின் 22-இல் நான்கு மட்டுமே விழுந்தன. முடிவு 74–54. பதினாறாம் தரவரிசை அணி முதல் தரவரிசை அணியை ஆண்கள் போட்டியில் வென்றது அதுவே முதல் முறை. அந்த வெற்றியை யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது. 20.5 என்பது தாராளமான எண் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்.

மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து அதிகம் எறியும் சிறிய அணிகளின் முடிவுகள் ஆட்டத்துக்கு ஆட்டம் பெரிதும் மாறுபடும். இந்த ஏற்ற இறக்கம் மனிலைன் கட்டுபவருக்கு உதவும். ஆனால் ஒரு பிழையைத் தவிர்க்க வேண்டும். கடந்த நான்கு ஆட்டங்களில் 45 சதவீதம் வீழ்த்திய அணி இன்றும் அப்படியே எறியும் என்று கணக்கிடாதீர்கள். எத்தனை முறை எறிகிறது என்பது அணியின் இயல்பு, எத்தனை விழுந்தது என்பதில் பெரும்பகுதி அன்றைய அதிர்ஷ்டம். எதிரணி வீசிய மூன்று புள்ளி எறிதல்கள் தவறியதால் மட்டுமே நல்ல தற்காப்பு அணி என்று பெயர் வாங்கியவற்றையும் இதே கண்ணோடு பாருங்கள்.

இதோடு டர்ன்ஓவரையும், அதாவது எறியும் முன்பே பந்தை எதிரணியிடம் இழப்பதையும், சேர்த்துப் பார்க்க வேண்டும். 2023 மார்ச் 17 அன்று பதினாறாம் தரவரிசை அணியான ஃபேர்லீ டிக்கின்சன், 23.5 புள்ளிகள் தரப்பட்ட நிலையில், முதல் தரவரிசை அணியான பர்டூவை 63–58 என்று வென்றது. அந்தப் பருவத்தில் நாட்டிலேயே உயரம் குறைந்த அணி அதுதான், எதிரே நின்ற ஸாக் ஈடியின் உயரமோ 7 அடி 4 அங்குலம். கூடையின் கீழே போட்டியிட முடியாத அந்த அணி, பந்து ஈடியின் கைக்குப் போவதற்கு முன்பே முழு மைதானத்திலும் நெருக்கடி கொடுத்தது. வெளியே தள்ளப்பட்ட பர்டூ 26 மூன்று புள்ளி முயற்சிகளில் ஐந்தை மட்டுமே வீழ்த்தியது. பெரிய அணியின் பந்து கடத்துபவர்கள் இளைஞர்களா, நெருக்கடியில் பந்தை இழப்பவர்களா என்று பார்ப்பது, உயரத்தையும் எடையையும் ஒப்பிடுவதைவிடப் பயன் தரும்.

நான்காம் படி: தேட வேண்டிய இடமும் காலமும்

முதல் பிரிவில் 350-க்கும் மேற்பட்ட அணிகள் உள்ளன. டூக், கேன்சஸ் போன்ற அணிகளின் ஆட்டங்களை ஆயிரக்கணக்கானவர்கள் ஆராய்வதால் அவற்றின் விலையில் பிழை அரிது. சிறிய கூட்டமைப்புகளின் (பருவம் முழுவதும் தமக்குள் ஆடும் கல்லூரிகளின் குழுக்கள்) வியாழக்கிழமை இரவு ஆட்டங்களை அவ்வளவு பேர் பார்ப்பதில்லை. பந்தய நிறுவனங்களும் அங்கே குறைந்த தொகையையே ஏற்கின்றன. ஒரே ஒரு கூட்டமைப்பைத் தேர்ந்தெடுத்து, அதன் அணிகளை முழுமையாக அறிந்துகொள்வதே ஒரு தனி மனிதரால் செய்யக்கூடிய காரியம்.

நவம்பரில் பெரிய பல்கலைக்கழகங்கள் சிறிய கல்லூரிகளுக்குப் பணம் கொடுத்துத் தம் அரங்குக்கு வரவழைத்து ஆடும் ஆட்டங்கள் நிறைய நடக்கும். 2021 முதல் ஆட்டக்காரர்கள் ஓராண்டு காத்திருக்காமல் கல்லூரி மாறலாம் என்று ஆனதால், பல அணிகள் ஒவ்வொரு பருவமும் ஏறத்தாழ புதிய அணிகளாகவே வருகின்றன. எனவே முதல் சில வாரங்களின் எண்கள், போன ஆண்டின் பெயர்களை வைத்துப் போட்ட ஊகங்களே. பழைய ஆட்டக்காரர்களைத் தக்கவைத்துக்கொண்ட சிறிய அணிக்கு அந்த நேரத்தில் நல்ல விலை கிடைப்பதுண்டு. ஜனவரி, பிப்ரவரியில் சொந்த அரங்கில் ஆடும் பலம் குறைந்த அணிகளைக் கவனியுங்கள். வயோமிங் பல்கலைக்கழகத்தின் லாரமி அரங்கு கடல் மட்டத்திலிருந்து 7,220 அடி உயரத்தில் உள்ளது. சமவெளியிலிருந்து வரும் அணி அங்கே இரண்டாம் பாதியில் மூச்சு வாங்கும். சொந்த அரங்குக்கென்று பொதுவாகக் கழிக்கும் மூன்று புள்ளி இத்தகைய அரங்குகளுக்குப் போதாது.

மார்ச் மாதம் பற்றி ஓர் எச்சரிக்கை. அந்த மாதத்தில் எல்லோரும் அதிசயத்தைத் தேடுகிறார்கள், ஆகவே சிறிய அணிகள் மலிவாகக் கிடைப்பதில்லை. அதிசயங்களும் நாம் நினைப்பதைவிடக் குறைவு. 1985 முதல் 2025 வரை பதினாறாம் தரவரிசை அணிகள் முதல் தரவரிசை அணிகளோடு ஆடிய 160 ஆட்டங்களில் வென்றவை மேலே சொன்ன இரண்டு மட்டுமே. 2025இல் கடைசிப் பதினாறு அணிகளும் நான்கு பெரிய கூட்டமைப்புகளிலிருந்தே வந்தன. முதல் தரவரிசை அணிகள் நான்குமே கடைசி நான்கில் நின்றன. ஆட்டக்காரர்களுக்கு இப்போது பணம் கிடைப்பதால், சிறிய கல்லூரியில் ஒளிரும் இளைஞர் மறு ஆண்டே பெரிய பல்கலைக்கழகத்துக்குப் போய்விடுகிறார். 2010-களின் புள்ளிவிவரத்தை வைத்து இன்றைய மார்ச்சில் பந்தயம் கட்டுவது ஆபத்தானது.

ஐந்தாம் படி: கடைசி ஒரு நிமிடத்தைக் கணக்கில் சேருங்கள்

பெரிய அணி 66–61 என்று முன்னிலையில் இருக்கிறது, 50 நொடிகள் மீதம். சிறிய அணியின் எறிதல் தவறுகிறது. கடிகாரத்தை நிறுத்த வேறு வழியில்லாததால், அது வேண்டுமென்றே ஃபவுல் செய்கிறது. ஒரு பாதியில் பத்தாவது ஃபவுலிலிருந்து எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோக்கள் (யாரும் தடுக்காமல் எறியும், தலா ஒரு புள்ளி தரும் எறிதல்கள்) கிடைக்கும். இரண்டும் விழ, 68–61. சிறிய அணி அவசரமாக மூன்று புள்ளி முயல்கிறது, தவறுகிறது. மீண்டும் ஃபவுல், மீண்டும் இரண்டு, 70–61. கடைசி நான்கு நொடிகளில், யாரும் தடுக்காத ஓர் எளிய கூடை. 70–63.

ஆட்டம் எப்போதோ முடிந்துவிட்டது, ஆனால் பந்தயம் அந்தக் கடைசிக் கூடையில்தான் முடிந்தது. 7.5 வாங்கியவர் வென்றார். 7 வாங்கியவருக்குப் பணம் திரும்பியது. 6.5 வாங்கியவர் தோற்றார். ஆகவே பெரிய அணியின் ஃப்ரீ த்ரோ சதவீதத்தை, குறிப்பாக முன்னிலையில் இருக்கும்போது பந்தைக் கையில் வைத்திருக்கும் இரண்டு ஆட்டக்காரர்களின் சதவீதத்தை, குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து முதல் ஒன்பது புள்ளிகள் வரையிலான விலைகளில் இந்த ஒரு நிமிடம் பலமுறை முடிவைத் தீர்மானிக்கிறது. இருபதுக்கு மேற்பட்ட விலைகளில் வேறொரு காட்சி நடக்கும்: பெரிய அணி முதன்மை ஆட்டக்காரர்களை உட்கார வைக்கும், சிறிய அணி கடைசி நிமிடங்களில் வித்தியாசத்தைக் குறைக்கும்.

ஆறாம் படி: ஸ்ப்ரெட்டா, மனிலைனா

பத்துக்கு மேல் புள்ளிகள் தரப்படும்போது நான் ஸ்ப்ரெட்டையே தேர்ந்தெடுப்பேன். அங்கே நாம் வாங்குவது ஆட்டம் நெருக்கமாகும் வாய்ப்பை, வெற்றியை அல்ல. ஐந்துக்குக் கீழே இருந்தால் மனிலைன் விலையையும் கட்டாயம் ஒப்பிட வேண்டும், ஏனெனில் நான்கு புள்ளிகளுக்கு உள்ளாகத் தோற்கும் ஆட்டங்களைவிட நேராக வெல்லும் ஆட்டங்கள் அதிகம். பல சிறிய அணிகளின் மனிலைனைச் சேர்த்துக் கட்டும் பார்லே வகையை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் உள்ள நிறுவனத்தின் பங்கு அதில் ஒன்றோடொன்று பெருக்கப்படுகிறது. தனி ஆட்டக்காரர் எத்தனை புள்ளி எடுப்பார் என்ற பந்தயங்களைக் கல்லூரி ஆட்டங்களில் தடை செய்ய வேண்டும் என்று என்.சி.ஏ.ஏ. தலைவர் சார்லி பேக்கர் 2024 மார்ச்சில் கேட்டுக்கொண்டார், சில மாநிலங்கள் தடை செய்தும் விட்டன. அவற்றை அனுமதிக்கும் மாநிலத்தில் இருந்தாலும் நீங்கள் தொடாதீர்கள். பந்தயத்தில் தோற்றவர்களின் வசைச் செய்திகள் பத்தொன்பது வயது மாணவரின் கைபேசிக்குப் போய்ச் சேர்வது அத்தகைய பந்தயங்களால்தான்.

ஏழாம் படி: எங்கே வாங்குவது, எப்போது வாங்குவது

சட்டப்படி உரிமம் பெற்ற குறைந்தது மூன்று நிறுவனங்களின் விலைகளை ஒப்பிடுங்கள். ஒரே ஆட்டத்துக்கு ஓரிடத்தில் 7-உம் மற்றோரிடத்தில் 7.5-உம் இருப்பது அன்றாடக் காட்சி, அந்த அரைப் புள்ளியின் மதிப்பை மேலே பார்த்தோம். பொதுமக்கள் பெரும்பாலும் புகழ்பெற்ற அணியின் பக்கமே கட்டுவதால், அத்தகைய ஆட்டங்களில் சிறிய அணிக்கான புள்ளிகள் ஆட்டம் நெருங்க நெருங்கக் கூடலாம், அங்கே காத்திருங்கள். சிறிய கூட்டமைப்புகளின் ஆட்டங்களில் விலை வெளியான சில மணி நேரத்திலேயே விவரம் அறிந்தவர்கள் அதைச் சரிசெய்துவிடுவார்கள். அங்கே தாமதிக்கக் கூடாது.

எட்டாம் படி: தொகையை முன்பே தீர்மானியுங்கள்

வாடகைக்கும் குடும்பத்துக்கும் கடனுக்கும் சம்பந்தமில்லாத, முழுவதும் போனாலும் வாழ்க்கை மாறாத ஒரு தொகையைப் பருவத் தொடக்கத்தில் ஒதுக்குங்கள். ஒரு பந்தயத்துக்கு அதில் ஒரு சதவீதம் போதும். உங்கள் கணிப்பு மிகச் சரியாக இருந்தாலும் தொடர் தோல்விகள் வந்தே தீரும். முப்பது சதவீதம் வெல்லக்கூடிய மனிலைன் பந்தயங்களை நூறு முறை கட்டினால், எங்காவது ஓரிடத்தில் தொடர்ந்து பத்துத் தோல்விகள் வர ஏறத்தாழ பாதி வாய்ப்பு உண்டு. பத்தில் ஒரு பங்கை ஒவ்வொரு முறையும் கட்டியவருக்கு அந்த இடத்தில் பணம் கரைந்துபோயிருக்கும், ஒரு சதவீதம் கட்டியவரிடம் தொண்ணூறு மிச்சமிருக்கும். விட்டதைப் பிடிக்கத் தொகையை இரட்டிப்பாக்க வேண்டும் என்ற எண்ணம் வந்த அன்றே நிறுத்துங்கள். அதைத் தனியாக நிறுத்த முடியவில்லை என்றால், அமெரிக்காவில் 1-800-426-2537 என்ற உதவி எண்ணை அழைக்கலாம்.

ஒன்பதாம் படி: குறிப்பேடு

ஒவ்வொரு பந்தயத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள்: தேதி, அணிகள், நீங்கள் கணித்த எண், நீங்கள் வாங்கிய எண், ஆட்டம் தொடங்கும் நொடியில் சந்தை நின்ற எண், முடிவு. கடைசிக் கட்டத்தைவிட அதற்கு முந்தைய கட்டமே உங்கள் திறமையைச் சொல்லும். நீங்கள் 9.5 வாங்கிய அணி ஆட்டம் தொடங்கும்போது 8-இல் நின்றால், அந்த ஆட்டத்தில் தோற்றிருந்தாலும் நல்ல விலைக்கு வாங்கியிருக்கிறீர்கள். 9.5 வாங்கியது 11-க்குப் போய், பிறகு கடைசி நொடிக் கூடையால் வென்றிருந்தால், அந்த வெற்றியை உங்கள் கணக்கில் திறமையாக எழுதிக்கொள்ளாதீர்கள். ஏப்ரல் தொடக்கத்தில் இறுதி ஆட்டம் முடிந்த மறுநாள் நீங்கள் வாங்கிய எண்ணிலிருந்து, ஆட்டம் தொடங்கும்போது சந்தை நின்ற எண்ணை எல்லா வரிகளுக்கும் கழித்துப் பாருங்கள். சராசரியாக நீங்கள் சந்தையைவிட அரைப் புள்ளியாவது முன்னால் இருந்தால் அடுத்த நவம்பரில் அதே கூட்டமைப்போடு மீண்டும் தொடங்கலாம். பின்னால் இருந்தால், லாபத்தில் முடிந்திருந்தாலும், அடுத்த பருவம் முழுவதும் பணம் கட்டாமல் எண்களை மட்டும் எழுதி வாருங்கள்.